பார்த்ததுக்கும் காசு கொடுப்போம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடந்து போனால் சில கடைவாசல்களில் துணிக்கூரை ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். பட்டனை அமத்தினால் வெளியே வரும், திரும்ப அமத்தினால் உள்ளே சுருளும். கடைக்காரர்கள் அதை ‘ஓனிங்’ என்பார்கள். வெளிநாடுகளில் கட்டில், குசினியோடு ஓடித்திரிகிற மோட்டர்ஹோம் வாகனங்களின் பக்கவாட்டில் நீளுகிற கூரையும் இதுக்குச் சொந்தக்காரன்தான். அது பெரும்பாலும் 12 வோல்ட் பற்றரியில் ஓடும், எங்கட கடைவாசலில் இருப்பது 230 வோல்ட் கரண்டில் ஓடும். ஒரு நாள் ரெண்டுக்கும் ஒரே வருத்தம் வரும்: பட்டனை அமத்தினால் அசையாது.

அதுக்குப் பிறகு நடப்பதும் அநேகமாக ஒரே மாதிரித்தான். ஒருவர் வருவார், அண்ணாந்து பார்ப்பார், பட்டனை ரெண்டு தரம் அமத்துவார். ஐந்து நிமிசத்தில் தீர்ப்பு வந்துவிடும்: “மோட்டர் போயிட்டுது அண்ணை, புதுசுதான் போடோணும்.” கொட்டாஞ்சேனையில் அதே தீர்ப்பு “மோட்டார் போயிருச்சுண்ணே” என்று வரும். பேச்சு மாறினாலும் பில் மாறாது.

இதுக்குப் பாஸ்மாரைத் திட்டுவது சுலபம். ஆனால் பிழையில் பெரும் பங்கு காசு கொடுக்கிற எங்களிடம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. பழுதைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை, மாற்றுகிற சாமானுக்குத்தான் கொடுக்கிறோம். அதனால் எங்களுக்குச் சாமான்தான் கிடைக்கிறது.

கண்டுபிடிப்பது என்றால் என்ன வேலை என்று முதலில் பார்ப்போம். ஓனிங் அசையாமல் நிற்பதுக்குக் காரணங்கள் பல, மோட்டர் அதில் ஒன்று மட்டும்தான்.

முதலாவது, கரண்ட் வருகுதா? ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம். மழை பெய்த பிறகு மட்டும் ட்ரிப் விழுகிறது என்றால், வெளியில் இருக்கிற வயர் இணைப்புக்குள் தண்ணி போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வெள்ளவத்தைக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கடல் பக்கத்தில். உப்புக் காத்துப் பட்டுச் செம்பு பச்சை பிடிக்கும், ஆணி துருப்பிடிக்கும். வெளியில் இருந்து பார்த்தால் வயர் நல்லாத்தான் இருக்கும். அதுக்குள்ளே கரண்ட் ஒழுங்காகப் போகாது.

இரண்டாவது, ரிமோட். சுவரில் உள்ள சுவிட்சுக்கு ஓடி, ரிமோட்டுக்கு ஓடாவிட்டால் மோட்டரில் குற்றமில்லை. ரிமோட்டின் பற்றரி தீர்ந்திருக்கலாம். காற்று பலமாக அடித்தால் கூரையைச் சுருட்டுகிற சென்சர் பூட்டியிருந்தால் அதையும் பார்க்கவேண்டும். சில வகைகளில் அந்தச் சென்சரின் பற்றரி தீர்ந்தாலே, பாதுகாப்புக்காகக் கூரை தானாக உள்ளே போய்விடும். திறக்கத் திறக்க மூடும், பேய் பிடித்த மாதிரி. மோட்டர் சுகமாகவே இருக்கும்.

மூன்றாவது, சூடு. குழாய்க்குள் நுழைத்திருக்கிற இந்த வகை மோட்டர்களில் அதிகமானவை தொடர்ச்சியாக நாலு நிமிசம் அளவுக்குத்தான் ஓடச் செய்யப்பட்டவை. அதுக்கு மேல் ஓட்டினால் உள்ளே இருக்கிற வெப்பப் பாதுகாப்பு கரண்டை வெட்டிவிடும், ஆறினால் திரும்ப ஓடும். மேலையும் கீழேயும் விளையாட்டுக்கு ஓட்டிவிட்டு “நிண்டுட்டுது” என்று ஆளைக் கூப்பிடுவதுக்கு முன்னம் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் பொறுத்துப் பார்க்கலாம்.

நாலாவது, சத்தம். ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது, சுத்தவில்லை என்றால் கப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், இல்லாவிட்டால் எங்கேயோ இறுகியிருக்கிறது. வெளியே போகிறது, உள்ளே வரவில்லை என்றால் எல்லை சுவிட்சை, அதாவது கூரை கடைசிக்குப் போனதும் மோட்டரை நிப்பாட்டுகிற சின்ன சுவிட்சைச் சந்தேகப்படவேண்டும். இந்த மோட்டர்களில் பொதுவாக ஒரு திசைக்கு மண்ணிற வயர், மற்றத் திசைக்குக் கறுப்பு, நியூட்ரலுக்கு நீலம், ஏர்த்துக்குப் பச்சை-மஞ்சள். மண்ணிறம் அல்லது கறுப்பு, ரெண்டில் ஒன்று கழண்டாலும் இதே வருத்தம் வரும். கரண்ட் மோட்டர் வரைக்கும் வந்தும் ஒரு சத்தமும் இல்லை, ஆறவிட்டும் பலனில்லை என்றால்தான் “மோட்டர் போயிட்டுது” என்ற பேச்சுக்கே இடம் இருக்கிறது.

மோட்டர்ஹோம் கூரைக்கும் இதே ஒழுங்குதான். பற்றரியில் போதிய வோல்ட் இருக்கா, பியூஸ் சரியா, ஏர்த் வயர் பிடிக்கிற இடம் துருப்பிடிச்சிருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டருக்கு வரவேண்டும்.

இதை வாசித்துவிட்டு ஏணியில் ஏறவேண்டாம். 230 வோல்ட் ஆளைக் கொல்லும். நீளுகிற கைகளுக்குள் இறுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. பழக்கமில்லாதவர் கழற்றினால் அந்தக் கை விசிறியடித்து முகத்தை உடைக்கும். ரிமோட் பற்றரி, ட்ரிப் சுவிட்ச், பொறுத்துப் பார்ப்பது, இதெல்லாம் உங்கட வேலை. மிச்சம் பாஸின் வேலை. ஆனால் அவர் என்னத்தைச் சோதிக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இப்போ காசுக்கு வருவோம். மேலே சொன்ன ஒழுங்கில் ஒருவர் சோதித்தால் ஒரு மணித்தியாலம் போகலாம். வெயிலில் ஏணியில் நின்று, மீற்றர் பிடித்து, கடைசியில் வயர் ஒன்று கழண்டிருந்தது என்று கண்டுபிடிக்கிறார். இறுக்கிவிட்டு இறங்கி வருகிறார். நாங்கள் என்ன சொல்வோம்? “வயரைத்தானே இறுக்கினீங்கள், அதுக்கு இவ்வளவா?” அதே ஆள் சோதிக்காமல் புது மோட்டர் பூட்டி, அதில் தன் லாபத்தை வைத்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சாமான் கண்ணுக்குத் தெரிகிறது, பெட்டி இருக்கிறது, வாரண்டி கார்ட் இருக்கிறது. மூளை செலவழித்தது தெரியவில்லை. நேர்மையாக வேலை செய்கிறவரைத் தண்டித்து, சாமான் விற்கிறவரை வளர்க்கிற ஏற்பாடு இது.

டொக்டரிடம் இப்படி நடப்பதில்லை. சனல் பண்ணி, நம்பர் எடுத்து, ரெண்டு மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போகிறோம். “ஒண்டுமில்லை, பனடோல் போடுங்கோ” என்று அனுப்பினாலும் காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக வருகிறோம். ஒண்டுமில்லை என்று தெரிந்ததுக்குத்தான் அந்தக் காசு. ஸ்குரூ டிரைவர் பிடிக்கிறவருக்கு மட்டும் ஏன் வேற நியாயம்? ‘பாஸ்’ என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், எஜமான் என்று அர்த்தம். கூப்பிடுவது எஜமான் என்று, நடத்துவது சாமான் தூக்கி வருகிறவர் என்று. படிக்காதவன்தான் இந்த வேலைக்குப் போவான் என்று ரியூசன் வகுப்புக்கு அனுப்பும்போதே எங்கள் காதில் ஓதிவிடுகிற நினைப்பு இதுக்குள்ளேயும் இருக்கிறது.

“பார்த்ததுக்கே காசு என்றால் பார்க்காமலே காசு வாங்கிக்கொண்டு போகமாட்டாங்களா?” என்று கேட்கலாம். நியாயமான பயம். அதுக்கு வழி இருக்கிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. வோஷிங் மெஷின், பிரிட்ஜ், போன் போன்ற குறிப்பிட்ட பொருட்களுக்குத்தான் அதன் முக்கிய கடமைகள், ஓனிங் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது: பழுது என்ன, என்ன செய்யப்போகிறார், விலை என்ன என்று திருத்துகிறவர் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் அந்த விலையில் 30 நாள் நிற்கவேண்டும். படிவம் இலவசம். ஆனால் பொருளைச் சோதித்துத்தான் சொல்லமுடியும் என்றால், முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்தச் சோதனைக்குக் காசு கேட்கலாம். பார்த்ததுக்குக் காசு, பார்த்ததுக்கு எழுத்து. ரெண்டும் சேர்ந்தே வருகிறது.

எங்கட பாராளுமன்றம் அப்படி ஒன்று கொண்டுவரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பில்லின் பின்பக்கம் ரெண்டு வரி எழுதச் சொல்லலாம்: என்ன சோதித்தீங்கள், என்ன பிழை. மீற்றரைக் காட்டச் சொல்லலாம். சாமான் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேட்கலாம். கப்பாசிட்டர் ஒன்றுக்கும் முழு மோட்டருக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு சின்னக் கடைக்காரருக்கு ஒரு மாதத்தின் சந்தோசம். சில மோட்டர்களில் கப்பாசிட்டரை மாற்றலாம், சிலவற்றில் திறக்கவே முடியாதபடி அடைத்துவைத்திருப்பார்கள். வாங்கும்போதே அதைக் கேட்கவேண்டும். கரண்ட் இல்லாத நேரம் கையால் சுத்துகிற கொக்கித்தடி போட இடம் இருக்கா என்றும் கேட்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடு முழுக்க இருண்டது. பட்டனை மட்டும் நம்பின கூரை அந்த நேரம் நீட்டினபடியே நின்றிருக்கும், மழை வந்தாலும்.

2022இல் நாங்கள் படித்த பாடம் ஒன்று இருக்கிறது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிக்கும் கட்டுப்பாடு. வெளியில் இருந்து வருகிற சாமான் எட்டாத விலைக்குப் போக, எறியிறதுக்கு முன்னம் எல்லாரும் ஒருக்கா யோசித்தார்கள், பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டையிலும் பழைய பாகம் தேடினார்கள். நெருக்கடி தணிய அந்தப் பழக்கமும் தணிந்துகொண்டு போகிறது. திருத்துவது ஏழ்மையின் அடையாளம், மாற்றுவது வசதியின் அடையாளம் என்ற பழைய கணக்குக்குத் திரும்புகிறோம்.

இன்னொன்று, மொழி. மோட்டர் பெட்டிக்குள் வருகிற சின்னப் புத்தகத்தில் ஜெர்மன் இருக்கும், பிரெஞ்சு இருக்கும், போலிஷ் கூட இருக்கும். 1987இல் இருந்து இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றான தமிழைத் தேடினால் கிடைக்காது, சிங்களமும் கிடைக்காது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ‘இந்த வருத்தத்துக்கு இந்தக் காரணம்’ என்று ஒரு அட்டவணை இருக்கும். அதை வாசிக்க முடியாத கடைக்காரரிடம் எந்தப் பொய்யும் விலைபோகும். எங்களில் பலருக்கு இங்கிலீஷ் தெரியும், போனில் மொழிபெயர்க்கவும் தெரியும். மாமாவின் கடையில், பக்கத்துக் கடையில் இருக்கிற ஒரு மெஷினுக்கு அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி ஒட்டிவிடுவது ஒரு பின்னேர வேலைதான்.

அடுத்த முறை ஏதாவது பழுதாகி ஆளைக் கூப்பிட்டால், “மாத்த எவ்வளவு?” என்பதுக்கு முதல் “பார்க்க எவ்வளவு அண்ணை?” என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் திகைப்பார், இதுவரை அப்படிக் கேட்டவர் குறைவு. அவர் சொல்கிற காசைக் கொடுத்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். என்ன பிழை என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவரின் நம்பரைப் போனில் சேமித்து வையுங்கள்.