இணையவழிப் பாடம் யாருக்குச் சொந்தம்? எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

இணையவழிப் படிப்புகளுக்காக ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பு, தயாரிக்கும் ஸ்லைடு, தொகுக்கும் வினாவங்கி, பேசும் விரிவுரை எல்லாவற்றின் பதிப்புரிமையும் அந்த ஆசிரியருக்கே உரியது. பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்படுவது அவற்றைப் பயன்படுத்தும் உரிமம்தான். அதை எழுத்தில், காலவரையறையோடு, கேட்டுப் பெற வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் சங்கமாகிய நாங்கள் இதில் உறுதியாக நிற்கிறோம்.

வகுப்பறையில் சொன்ன பாடம் மணி அடித்ததும் முடிந்துவிடும். யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழ அங்கே இடமில்லை. பதிவு செய்த பாடமோ ஆசிரியர் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஓடும். மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியே, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம் என்று யுஜிசியின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. இவ்வளவு பெரிய அளவில் நடக்கும் கற்பித்தலில் உரிமை பற்றிய பேச்சு நியமன ஆணையிலும் இல்லை, பாடம் தயாரிக்கச் சொல்லும் சுற்றறிக்கையிலும் இல்லை.

கனடாவின் மான்ட்ரியலில் உள்ள கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் ஒரு மாணவர், இணையவழியில் தனக்குக் கலை வரலாறு நடத்திய பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப நினைத்து அவர் பெயரைத் தேடினார். கிடைத்தது இரங்கல் குறிப்பு. பேராசிரியர் பிரான்சுவா மார்க் கான்யோன் 2019லேயே காலமாகிவிட்டார். பாடத்தைக் கவனித்துக்கொள்ள வேறு ஆசிரியர் இருந்தார் என்றாலும், திரையில் பேசுபவர் உயிரோடு இல்லை என்பது மாணவருக்குத் தெரியவில்லை. இறந்தவரின் குரலில் பாடம் நடத்தலாமா என்பதை அவரவரே முன்கூட்டி முடிவு செய்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு நம் கல்லூரிகளில் யாருக்கும் தரப்படுவதில்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணியாளர் தம் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு நிறுவனமே முதல் உரிமையாளர். நிர்வாகங்கள் இத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்கின்றன. ‘மாறான உடன்பாடு இல்லாதபோது’ என்ற நிபந்தனையும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே ஆசிரியருக்கு உரிமை தரச் சட்டத்தைத் திருத்தத் தேவையில்லை. ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் போட்டு, அதன்படி உடன்பாடு எழுதினால் போதும். உரிமை கைமாறிய பிறகும் படைப்பில் தம் பெயர் இருக்க வேண்டும் என்று கோரவும், தம் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு படைப்பாளிக்கு இடம் தருகிறது. நிகழ்த்துநருக்குச் சட்டம் தரும் உரிமைகளும் ஆசிரியருக்கு உண்டு: நிகழ்த்துநர் யார் என்ற சட்ட வரையறையில் நடிகர், பாடகர், நடனக் கலைஞரோடு விரிவுரை ஆற்றுபவரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார். இது எங்கள் உறுப்பினர்களிலேயே பலருக்குத் தெரியாது.

சம்பளம் தருகிறோம், ஸ்டுடியோ தருகிறோம், பிறகென்ன என்று நிர்வாகத்தினர் கேட்கிறார்கள். ஸ்டுடியோவில் எடுத்த காணொளியில் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பேராசிரியர் எழுதிய பாடநூலுக்கு, அவர் சம்பளம் வாங்குகிறார் என்று சொல்லி எந்தப் பல்கலைக்கழகமும் வழக்கமாக உரிமை கொண்டாடுவதில்லை. அதே பாடத்தை அவர் கேமரா முன் சொன்னால் மட்டும் நியாயம் மாறிவிடுமா? மேலும் 2020 ஊரடங்கில் ஸ்டுடியோ எங்கே இருந்தது? தாவரவியல் ஆசிரியர்கள் சமையல் மேடையில் செம்பருத்திப் பூவை நெடுக்காக அறுத்து வைத்து, சூலகத்தைக் குண்டூசியால் சுட்டிக்காட்டி, சொந்த செல்போனில், சொந்தக் காசில் போட்ட டேட்டாவில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள்தான் இன்று கல்லூரிகளின் சர்வரில் இருக்கின்றன.

எல்லாரையும்விட நொந்துபோயிருப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். எங்கள் உறுப்பினர் ஒருவர் பணிபுரிந்த கல்லூரி, ஒரு தாளுக்கான முழுப் பாடத்தையும் அவரிடம் பதிவு செய்து வாங்கிக்கொண்டது. அடுத்த கல்வியாண்டில் அவருக்குப் பணி நீட்டிப்பு இல்லை. பாடம் மட்டும் அவர் பெயர் நீக்கப்பட்டு ஓடுகிறது. தொகுப்பூதியத்தில் பருவத்துக்குப் பருவம் நீட்டிக்கப்படுபவரை வேலையிலிருந்து நீக்கும்போது தற்காலிகமானவர் என்பதும், அவருடைய படைப்பை எடுக்கும்போது முழுப் பணியாளர் என்பதும் அநியாயம். இந்த ஆபத்தை வெளிநாட்டு ஆசிரியர்கள் முன்பே உணர்ந்தார்கள். 2013இல் அமெரிக்காவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத் தத்துவத் துறையினர், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டெலின் இணையப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பதிவுகள் வந்து ஆசிரியர் பணியிடங்களை விழுங்கிவிடும் என்பது அவர்களின் கவலை. நிரப்பப்படாத பணியிடங்களோடு கல்லூரி நடத்தும் நமக்கு அந்தக் கவலை இன்னும் நெருக்கமானது.

பாடங்களைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை நாங்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்; பாடம் நடத்தியவரின் பெயரும் அதில் இருக்கிறது. அந்த வழியை முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆசிரியர் பாதியில் விலகினாலும் அந்தப் பருவத்து மாணவர் பாதிக்கப்படக் கூடாது என்பதால், பருவம் முடியும்வரை பதிவைப் பயன்படுத்தும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு எப்போதும் இருக்கட்டும்.

அதற்கு மேல் பயன்படுத்த, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு எழுத்து மூலமான உரிமம் பெற வேண்டும். பாடம் பழசாகிவிட்டது என்று ஆசிரியர் சொன்னால் திருத்த வாய்ப்பும் அதற்கான பணிநேரமும் தர வேண்டும். வெளி நிறுவனத்துக்கு விற்றால் வருவாயில் பங்கு தர வேண்டும். ஆசிரியரின் குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிக்கவோ, அவர் பேசாததைப் பேசியதாக உருவாக்கவோ தனி ஒப்புதல் இன்றிக் கொடுக்கக் கூடாது. ஒரு பதிவைக் காட்டி ஒரு பணியிடத்தையும் குறைக்கக் கூடாது. நிரந்தர ஆசிரியர், கௌரவ விரிவுரையாளர் என்ற பாகுபாடு இதில் எதிலும் இருக்கக் கூடாது.

இந்த அடிப்படையில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்துப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களுக்கும் உயர்கல்வித் துறைக்கும் அனுப்ப இருக்கிறோம். அது ஏற்கப்படும் வரை, உரிமை முழுவதையும் எழுதி வாங்கும் எந்தப் படிவத்திலும் உறுப்பினர்கள் சங்கத்தைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் அதன் நகலை மாவட்டக் கிளையில் கொடுங்கள்.