மாத்திரைக்கு ஒரு வாசல், உதவித்தொகைக்கு ஒரு வாசலா? களமருதூர் குறுவட்ட மக்களின் மனநலக் கோரிக்கைச் சாசனம்

கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வு, மாற்றுத்திறனாளிகள் நலம், வருவாய், ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும், உளுந்தூர்பேட்டை வட்டம் களமருதூர் குறுவட்டத்தில் மனநோயோடு வாழும் நாங்களும் எங்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் முன்வைப்பது:

மருத்துவமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. மாத்திரை இலவசம். ஆனால் மாத்திரை ஓரிடத்தில், சான்றிதழ் ஓரிடத்தில், உதவித்தொகை தாலுகா ஆபீஸில், அரசின் ஊரக வேலை ஊராட்சியில். மனசு உடைந்த ஒரு மனிதரைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனை வாசல் ஏறி இறங்குவது வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் வேலையாகிவிட்டது.

கரும்பு வெட்டுக்குப் போகும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் பையில் பழைய சீட்டுகள், தீர்ந்துபோன மாத்திரை அட்டை, ஆதார் நகல். நகரப் பேருந்தில் அவருக்குக் கட்டணமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முப்பது வயது மகனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் மகனுக்கும் இலவசம்தான். அந்த அட்டை வாங்கத்தான் இந்தப் பயணமே. டாக்டர் இன்று வரவில்லை என்றால் போன கூலி போனதுதான். அடுத்த மாதம் அந்த அம்மா போகமாட்டார். மாத்திரை நின்றுவிடும். மகன் மறுபடியும் ராத்திரியில் தூங்காமல் தெருவில் நடப்பார். ஊர் அதைப் பார்த்து, 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்லும்.

மனநோய்க்கு ஊனச் சான்று தரும்போது நான்கு விஷயங்களை அளக்கிறார்கள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. சரியான அளவுகோல்தான். இந்த நான்கும் குறைந்துவிட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அவற்றைத் திருப்பிக் கொடுக்க யார் வருகிறார்கள்? குளிக்க, சமைக்க, நாலு பேரோடு உட்கார, கூலிக்குப் போகப் பழக்குவது யாருடைய பொறுப்பு? எங்கள் மனக்குறையெல்லாம் இந்தக் கேள்வியில் அடங்கும்.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை: நோயாளி ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பொறுப்பாளர் வேண்டும். மாவட்ட மனநலக் குழுவில் சமூகப் பணியாளருக்கு இடமுண்டு; ஆனால் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கு எங்களுக்குப் போதாது. ஒன்றியத்துக்கு ஒருவரை நியமியுங்கள். மாத்திரை நின்றதா, உதவித்தொகை வந்ததா, வீட்டில் அடி உதை இருக்கிறதா, பராமரிக்கும் தாய்க்கு உடம்பு எப்படி என்று பார்ப்பதும், அந்தந்தத் துறையிடம் பேசுவதும் அவர் வேலையாக இருக்கட்டும். வட அயர்லாந்தில் 1973 முதல் மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருக்கின்றன. நாங்கள் கேட்பது அவ்வளவு பெரிய மாற்றம்கூட இல்லை.

மாதம் ஒருநாள், முன்கூட்டியே அறிவித்த தேதியில், மனநல மருத்துவரும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் களமருதூரில் ஒரே கூரையின்கீழ் உட்கார வேண்டும். சான்று, அட்டை, உதவித்தொகை மனு எல்லாம் அன்றைக்கே முடியட்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே பையில் எங்கள் மாத்திரையும் தவறாமல் வரட்டும். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் எங்களால் முடிந்த வேலையைக் கொடுங்கள்.

கல்வராயன் மலை மக்களையும் சேர்த்தே பேசுகிறோம். வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறுவதற்குள் ஒருநாள் போய்விடும். அங்கே மருத்துவர் மலையேற வேண்டும். குடிநோய் சிகிச்சையும் நாங்கள் கேட்கும் மாதாந்திர முகாமிலேயே வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நிவாரணத் தொகை கிடைத்தது. ஆனால் தகப்பனை இழந்த பிள்ளைகளின் மனசை விசாரிக்க ஆள் தொடர்ந்து வர வேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறோம் என்று எங்களை ஏசாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நாங்கள் மறக்கவில்லை. பின்னாளில் அதே ஏர்வாடியில் தர்காவோடு சேர்ந்தே மனநல சிகிச்சை தரப்பட்டது. எங்கள் வட்டாரக் கோயில் பூசாரிகளோடும் அப்படிப் பேசுங்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்கு மாவட்டத்துக்குள்ளேயே அரசு கண்காணிப்பில் இடைநிலை இல்லம் வேண்டும். பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் தனியார் காப்பகத்திலிருந்து 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியிருந்தது. அரசு இடம் தராதபோது எங்கள் ஆட்கள் அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள்.

இவை எதுவும் சலுகை இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு சிகிச்சையையும் இடைநிலை இல்லத்தையும் அரசின் கடமையாக்குகிறது. 19-வது பிரிவு சமூகத்தோடு வாழும் உரிமையைத் தருகிறது. 95-வது பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

வரும் அக்டோபர் 10, உலக மனநல நாளுக்குள் முதல் கூட்டு முகாமைக் களமருதூரில் நடத்துங்கள். தேதியை ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள். நாங்கள் வருகிறோம், நீங்களும் வாருங்கள்.