முத்துத்தாண்டவர் விழாவும் அம்பாள் வைத்தியமும்

முத்துத்தாண்டவர் பேரால் நடக்கும் இசை விழாக்களையும் நாட்டிய நிகழ்ச்சிகளையும் நாம் குறைகூற வரவில்லை. தியாகராயருக்கு வெகு முன்னமே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழில் கீர்த்தனம் செய்தவர் அவர். அவருடைய பதங்களுக்கு இன்றும் சலங்கை கட்டி ஆடுகிறார்கள். தமிழ்ப் பாட்டைத் துக்கடா என்று கச்சேரியின் கடைசியில் தள்ளி, அதற்காக 1943-இல் ஒரு தமிழிசைச் சங்கமே வைக்க வேண்டியிருந்த நாட்டில், அவருக்கு விழா எடுப்பது நியாயமே. ஆனால் அவ்விழாக்களில் அவர் சரித்திரம் என்று ஒரு கதை வாசிக்கிறார்களே, அதைப் பற்றித்தான் நமது கேள்வி.

சீர்காழிக் கோவிலில் நாயனம் வாசிக்கும் இசைவேளாளர் குடும்பத்தில் பிறந்தவராம். தீராத நோயினால் குடும்பத் தொழிலுக்கு ஆகாதவர் என்று ஒதுக்கப்பட்டாராம். சிவபாக்கியம் என்ற பெண் பாடுவதைக் கேட்டே பொழுதைக் கழித்தாராம். ஓர் இரவு கோவிலுக்குள் அயர்ந்து கிடக்க, கதவைப் பூட்டிவிட்டார்களாம். அம்பாள் குருக்கள் வீட்டுப் பெண்ணாக வந்து சோறு போட்டு, சிதம்பரம் போய்ப் பாடு என்றாளாம். விடிந்தால் நோயைக் காணோமாம்!

தோழர்களே! இரவிலே சோறு கொண்டுவந்த அம்பாள், பகலிலே அவரை ஒதுக்கியவர்களை ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் உண்டா? நோயாளி ஆகாதவன் என்ற விதி அப்படியே இருக்க, ஒருவருடைய நோய் மட்டும் போயிற்று என்றால், அடுத்துப் பிறந்த நோயாளியின் கதி என்ன? அவனுக்கும் ஒரு கதவைப் பூட்ட வேண்டுமா? அன்றியும், அவருக்குப் பாட்டைக் காதில் போட்டவள் சிவபாக்கியம். பெருமையோ அம்பாளுக்கு! உயிருள்ள பெண்ணுக்கு ஒரு மாலைகூட இல்லை.

நோய் தெய்வத்தால் போயிற்று என்றால், வந்தது தெய்வத்தாலோ முன்வினையாலோ என்றுதானே கேட்பவன் முடிவு கட்டுவான்? 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் பேச வந்த ஒருவர், ஊனமாய்ப் பிறப்பது போன ஜன்மத்துப் பாவம் என்று பிள்ளைகளுக்குப் போதித்தார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். பேசியவர் பிறகு கைதானார். ஆனால் அந்தப் பேச்சு ஊரில் எந்தத் திண்ணையில் இல்லை?

இயற்கையாய்ப் பரவும் போலியோக் கிருமி இந்தியாவில் கடைசியாய்க் கண்டது 2011 ஜனவரியில், வங்காளத்து ஹவுராவில். அந்த மாதத்தோடு இந்நாட்டுக் குழந்தைகளின் முன்ஜன்மப் பாவம் தீர்ந்துவிட்டதா, அல்லது இரண்டு சொட்டு மருந்து தீர்த்ததா?

மணிமங்கலத்துத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரகடம் பக்கம் பிரஸ் மிஷினில் கைவைத்துப் பிழைக்கும் ஊர் அது. காவல் தடுப்பைக் கழற்றிவிட்டு வேகமாய் ஓட்டச் சொன்னால் விரல் போகும். அது எந்த ஜன்மத்து வினை? முதலாளியின் இந்த ஜன்மத்து அவசரமன்றோ!

நிற்க, பேரை மாற்றுத்திறனாளி என்று மாற்றியாகிவிட்டது, வெகு சந்தோஷம். படிக்கட்டு மாறிற்றா? 2016-ஆம் வருஷத்துச் சட்டமும் 2017-இல் வந்த அதன் விதிகளும், பொதுக் கட்டடங்களைச் சக்கர நாற்காலியில் வருபவரும் புழங்கும்படி செய்ய 5 வருஷத் தவணை கொடுத்தன. 2022 ஜூனில் தவணை முடிந்தது. எத்தனை சபைகளின் மேடைக்குச் சாய்தளம் இருக்கிறது? நோயினால் ஒதுக்கப்பட்டவருக்கு அஞ்சலி என்று நோட்டீஸ் அடித்துவிட்டு, கால் நடவாதவனைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கும் விழாவை என்னவென்று சொல்வது? முத்துத்தாண்டவரே நோயுடம்போடு வந்தாலும் வாசலோடுதான் நிற்பார்!

விழா நடத்தும் கனவான்களை நாம் கேட்பது அதிகமில்லை. அடுத்த நோட்டீசில் அம்பாள் வைத்தியத்தை எடுத்துவிட்டுச் சிவபாக்கியத்தின் பேரைப் போடுங்கள். மேடைக்குச் சாய்தளம் போட்டு, கண்ணில்லாதவரையும் கால் இல்லாதவரையும் பாட அழையுங்கள், சன்மானத்தோடு. தேதி தெரிவித்தால் நாமும் வருகிறோம்.