ஜுரத்திற்கு வருஷா வருஷம் ஊசியா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஜுரமும் இருமலுந்தான். "போன வருஷந்தானே ஊசி போட்டோம்? மறுபடியும் போடு என்பது பணம் பறிக்கிற தந்திரம்" என்று சிலர் பேசுகிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், கேட்டவர்கள் பதிலையும் கேட்டுவிட்டுப் போகவேண்டாமா?

வைசூரிக்கு அம்மைப்பால் தயாரித்து நம் ஊர்களுக்கெல்லாம் அனுப்பியது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். ஆத்தாள் கோபமென்று வேப்பிலை கட்டிய அதே ஜனங்கள் கையை நீட்டிக் குத்திக் கொண்டார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் வைசூரி இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தாய்விட்டது. ஆத்தாள் கோபம் எங்கே போயிற்றோ, பூசாரிகள்தான் சொல்லவேண்டும்.

வைசூரிக் கிருமி அவ்வளவாக உருமாறாதது. இன்புளுயன்சாக் கிருமியோ பெரிய வேஷதாரி. அதன் மேலே ஒரு புரதம் காளான் காளானாக முளைத்து நிற்கிறது. இன்றைய ஊசி பெரும்பாலும் காளானின் குடையைத்தான் உடம்புக்கு அடையாளம் காட்டுகிறது. குடையோ அடிக்கடி மாறுகிறது. ஆகவேதான் உலக சுகாதார ஸ்தாபனத்தார் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடி, ஊசியில் எந்தெந்த வகைக் கிருமியைச் சேர்ப்பது என்று சொல்லுகிறார்கள். கணக்குத் தப்பினால் ஊசியின் பலமும் குறைகிறது.

ஆனால், காளானின் காம்பு அதிகம் மாறுவதில்லை. கிருமிக்குள்ளிருக்கும் நியூக்ளியோ புரதமும் அப்படியே. அவற்றை அடையாளம் காட்டினால் பலவகைக் கிருமிக்கும் ஒரே ஊசி போதுமல்லவா என்பதுதான் விஞ்ஞானிகளின் யோசனை. தொல்லை என்னவென்றால், நம் உடம்பு குடையைக் கண்டதும் காம்பைக் கவனிப்பதில்லை. எனவே, அமெரிக்க சர்க்கார் ஆராய்ச்சிச் சாலையில் குடையை வெட்டிவிட்டுக் காம்பை மாத்திரம் வைத்து ஊசி செய்தார்கள். சில மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்ததில் எதிர்ப்புச் சக்தி ஒரு வருஷத்துக்கு மேலும் நின்றது. நோயைத் தடுக்குமா என்பது இனிமேல்தான் ருசுவாகவேண்டும்.

ருசுவானால் நமக்கு யார் செய்து கொடுப்பது? கிண்டி பி.சி.ஜி. ஊசிச் சாலையின் லைசென்சையும் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் லைசென்சையும் 2008-ல் இந்திய சர்க்காரே நிறுத்தி வைத்து, 2010-ல் திருப்பிக் கொடுத்தது. செங்கற்பட்டில் பல நூறு கோடி கொட்டிக் கட்டிய ஊசித் தொழிற்சாலை, 2021-ல் கொரோனாவில் ஜனங்கள் மடிந்தபோதும் ஊசி செய்யாமல் நின்றது. பல்லாவரத்துத் தோல் தொழிலாளி இரண்டு நாள் கூலியை விட்டு ஊசி வாங்குவானா? இந்தச் சாலைகளுக்கு வேலை கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதுவரையில் கிழவர்களும், கர்ப்பிணிகளும், ஆஸ்த்துமாக்காரர்களும் இருக்கிற ஊசியை மழைக்கு முன்னாலேயே போட்டுக் கொள்ளட்டும்.