கிடாருக்கு நிக்கல் கம்பி: ஒரு பேங்க்காரனின் கணக்கு

ரெண்டு மாசமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. ஆண்டுக் கணக்கு முடிப்பு, பின்னாலேயே ஆடிட். வழக்கமான கதைதான். இன்றைக்கு வட்டி, வரி எதுவும் இல்லை, தைரியமாகப் படிக்கலாம். கிடார் கம்பி பற்றி எழுதப் போகிறேன். "பி.காம் படிச்ச உனக்கும் கிடாருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கம்பிக்குக் காசு கொடுப்பவன் நான். அந்தத் தகுதி போதாதா? :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொல்கத்தா, மும்பை, கொச்சி மாதிரி கசகசக்கிற ஊர், கை வியர்க்கிற பிள்ளை, சுமாரான விலையில் ஒரு அக்கூஸ்டிக் கிடார். இந்த மூன்றும் சேர்ந்தால், கடைக்காரர் பழக்கத்தில் எடுத்து நீட்டுகிற பிரான்ஸ் கம்பியை விட நிக்கல் கம்பிதான் சரி.

இனி கதை. முந்தைய போஸ்டிங் குவாஹாட்டி. கீழ் வீட்டு அஸ்ஸாமியப் பையன் பிரமாதமாக வாசிப்பான். பெண்ணுக்கு அவன்தான் குரு, அவனுடைய பழைய கிடார்தான் பாடப்புத்தகம். டிரான்ஸ்ஃபர் வந்தது. கொல்கத்தாவில் புதுப் பள்ளி, புது பாஷை, ஒரு சிநேகிதி கிடையாது. அவளுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று ரவீந்திர சரணியில், லால்பஜார் பக்கம் வரிசையாக இருக்கும் வாத்தியக் கடைகளில் ஒன்றில் கிடார் வாங்கிக் கொடுத்தேன். நாலு மாதம் வாசித்தாள். பிறகு உறையைப் பிரிக்கவே இல்லை.

"விரல் வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. புதுக் கம்பி போட்டா தகர டப்பா மாதிரி இருக்கு. ஒரு மாசத்துல செத்துப் போயிடுது. அங்க இப்படி இல்லை."

"அங்க" என்றது கிடாரை மட்டுமா, ஊரையும் சேர்த்தா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஊரைத் திருப்பித் தர என்னால் முடியாது. கிடாரையாவது பார்ப்போம் என்று கீழ் வீட்டுப் பையனுக்குப் போன் போட்டேன். "அங்கிள், நான் நிக்கல்தானே போடுவேன்" என்றான்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். அக்கூஸ்டிக் கிடாரின் ஆறு கம்பியில் கீழ் இரண்டும் எல்லா செட்டிலும் வெறும் எஃகுதான். மீதி நாலும் எஃகு மேல் வேறு உலோகம் சுற்றிய கம்பிகள். செட்டுக்குச் செட் மாறுவது அந்தச் சுற்றுதான். 80/20 பிரான்ஸ் என்று அட்டையில் போட்டிருப்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். நம் ஊரில் அதற்குப் பெயர் பித்தளை! பாஸ்பர் பிரான்ஸ் என்பது செம்பும் கொஞ்சம் வெள்ளீயமும், துளி பாஸ்பரஸும். இரண்டிலும் செம்புதான் பெரும்பங்கு. வியர்வை பட்டால் என்ன ஆகும் என்று பூஜைப் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுக்கும், பச்சை பூக்கும், கணீர் என்ற ஒலி போய்விடும்.

நிக்கல் அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. மோனெல் என்று ஒரு கலவை உண்டு. சுமார் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்று கப்பல் ப்ரொப்பெல்லர் தண்டுக்குக்கூடப் போடுகிறார்கள். மார்ட்டின் கம்பெனியின் ரெட்ரோ செட் இந்த மோனெல்தான். கடலுக்கே ஈடு கொடுப்பது என் பெண்ணின் உள்ளங்கைக்கா ஈடு கொடுக்காது?

ஒலியும் வேறு. பிரான்ஸின் பளபளப்பு இதில் இருக்காது. கொஞ்சம் அடங்கி, ஸ்வரம் தனித்தனியாகக் கேட்கும். ப்ளைவுட் கிடார்கள் பலவும் இயல்பிலேயே கீச்சென்று கத்துபவை. அதில் புதுப் பித்தளை போட்டால் தகர டப்பாதான். நிக்கல் அந்தக் கீச்சைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை 'நிக்கல்' என்ற வார்த்தையை மட்டும் பார்த்து எலெக்ட்ரிக் கிடார் செட்டை வாங்கி வந்துவிட்டேன். அது நிக்கல் முலாம் பூசிய எஃகுச் சுற்று. மெல்லிசு, மூன்றாவது கம்பிக்குச் சுற்றே இல்லை. மாட்டிப் பார்த்தால் ஒலி சோகை. 'நிக்கல் பிரான்ஸ்' என்றும் ஒன்று விற்கிறது. டி'அடாரியோ போடுவது பாஸ்பர் பிரான்ஸ் சுற்றுக்கு மேல் நிக்கல் முலாம். கெட்டதில்லை, ஆனால் மோனெல் வேறு. கடன் பத்திரம் மாதிரிதான் மக்களே, சின்ன எழுத்தையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

மோனெல் செட்டை நீட்டியதும் வீட்டு அம்மணி கேட்ட கேள்வியை எந்தக் கடைக்காரரும் கேட்கவில்லை. "நிக்கலா? கவரிங் தோடு போட்டா எனக்குக் காது புண்ணாகுமே, அந்த நிக்கலா?" அதேதான். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு விரல் நுனியில் அரிப்பும் தடிப்பும் வரலாம். பெண் பள்ளி விழாவில் நாள் முழுக்க கவரிங் செட் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் மாட்டினோம், முதல் இரண்டு வாரம் தினமும் விரலைப் பார்த்தோம். உங்கள் பிள்ளைக்குக் கவரிங் ஆகாது என்றால் இந்தப் பதிவை மறந்துவிட்டு, பூச்சுப் போட்ட பிரான்ஸ் கம்பியைப் பாருங்கள்.

எதிர்க்கட்சி வாதமும் இருக்கிறது. நிக்கல் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. பாட்டுக்கு ஜல்ஜல் என்று கார்ட் அடிப்பவர்களுக்குக் கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். விலையும் கூட, நான் கொடுத்தது பிரான்ஸைப் போல் ஒன்றரை மடங்கு. ஆனால் பிரான்ஸ் எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் வந்தது. இது ஐந்தாவது மாதம் ஓடுகிறது. தேய்மானக் கணக்குப் போட்டால் மாதச் செலவு பாதிக்கும் கீழே. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் துடைத்து வைப்பதும் ஒரு காரணம்.

வீணைக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ யோசித்துவிட்டார்கள். சாரணிக்கும் பஞ்சமத்துக்கும் எஃகு, மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளை அல்லது சுற்றுக் கம்பி. எந்தக் கம்பிக்கு எந்த உலோகம் என்று பார்த்துக் கட்டிய வாத்தியம் அது. நாம்தான் கிடார் என்றதும் அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து வாங்குகிறோம்.

கீழ் வீட்டுப் பையன் கிடாரின் நாதம் முழுசாக வந்துவிட்டதா? இல்லை. அந்த மரம் வேறு. கம்பி மாற்றியதால் சிநேகிதிகள் வந்துவிட்டார்களா? அதுவும் இல்லை. இன்னும் "அங்க" என்றுதான் சொல்கிறாள். ஆனால் சாயங்காலம் உறை பிரிகிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைப் பிடுங்கி நடுகிற நம்மைப் போன்றவர்கள், அவர்கள் ஒன்றை விட்டுவிட்டால் "ஆர்வம் போச்சு" என்று ஃபைலை மூடிவிடுகிறோம். மூடுவதற்கு முன் கம்பியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கொசுறு: அந்த எலெக்ட்ரிக் செட் சும்மா கிடக்கிறது. கொல்கத்தாவில் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், லேக் மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்க வரும்போது கொடுத்துவிடுகிறேன்.