ஜாக்கியில் நிற்கும் அம்பாஸடர்

பழைய காரை விற்க மனம் வராதவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் அதன் பிரேக்கில் கை வைக்கிறார்கள். நியாயமான காரணம்தான். 1958இல் உத்தர்பாரா ஆலையிலிருந்து அம்பாஸடர் வரத் தொடங்கியபோது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அன்றைய சாலைக்கும் அன்றைய வேகத்துக்கும் அது போதும். இன்றைய நான்குவழிச் சாலையில் முன்னே போகும் புதிய கார் சட்டென்று நிற்கிறது. பின்னே வரும் அம்பாஸடர் யோசித்து நிற்கிறது. மலை இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். டிரம் சூடேறச் சூடேற, மிதிக்கிற கால் ஆழமாகப் போகுமே தவிர வண்டி அடங்காது. எனவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் என்று முடிவாகிறது.

மெக்கானிக் வேலையை முடித்து, ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குப் பழைய இரும்பு ரிம்மை மாட்டி நட்டுகளை முறுக்குகிறார். சக்கரம் அசைய மறுக்கிறது. உள்ளே கேலிப்பர் ரிம்மில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பிரேக் போட்டது பலித்துவிட்டது, எடுக்கத்தான் வழியில்லை.

பழைய ரிம் டிரம்மை மனதில் வைத்து அழுத்தி எடுக்கப்பட்டது. டிரம் என்பது கவிழ்த்து வைத்த வட்டச் சட்டி. எந்தப் பக்கமும் துருத்திக்கொண்டிராது. டிஸ்க் அப்படியல்ல. தட்டு மெல்லியதுதான். ஆனால் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் தட்டின் விளிம்பைத் தாண்டி மேலேயும் நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தின் முகத்தை நோக்கி வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, முட்டுவதற்கு இரண்டு இடங்கள். ஒன்று, ரிம்மின் உள்சுவர். மற்றது, நட்டுகள் அமரும் நடுத்தகடு.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "15 அங்குல ரிம், இதற்குள் எந்த பிரேக் போகாது?" என்று கேட்பார்கள். 15 அங்குலம் என்பது டயரின் ஓரம் உட்காரும் இடத்தின் அளவு. டயரை மாட்டிக் கழற்ற வசதியாக ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் அந்தப் பள்ளம்தான் மேடு. கேலிப்பர் முட்டுவது பெரும்பாலும் அந்த மேட்டில். ஒரே அளவு எழுதிய இரண்டு ரிம்களில் பள்ளத்தின் ஆழமும் இடமும் வேறுபடும். நடுத்தகட்டின் வளைவும் வேறுபடும். ஒன்று கேலிப்பரைத் தாண்டும், மற்றது தாண்டாது.

இந்தச் சங்கடம் கார் செய்கிறவர்களுக்கே வந்திருக்கிறது. 1961இல் மினி கூப்பருக்கு முன் டிஸ்க் வைத்தபோது 10 அங்குலச் சக்கரத்துக்குள் 7 அங்குலத் தட்டைத்தான் வைக்க முடிந்தது. 1963இல் வந்த கூப்பர் எஸ் காரில் முக்கிமுனகி ஏழரை அங்குலமாக்கினார்கள். 1984இல் எல்லா மினிகளுக்கும் 8.4 அங்குலத் தட்டு என்று முடிவெடுத்தபோது சக்கரத்தையே 12 அங்குலமாக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையே பிரேக்கை முதலில் தீர்மானித்து அதற்கேற்ற சக்கரத்துக்குப் போகிறது. நம் பட்டறைகளில் நடப்பது தலைகீழ்.

சென்னை பாடியில் 1960இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்கிறது; அதே பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்கிறது. புதிய கார் என்றால் சக்கரமும் பிரேக்கும் வரைபடத்திலேயே சந்தித்துவிடும். பழைய காரில் இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது ஜாக்கிக்கு மேலேதான்.

சரி, பொருந்தும் இரும்பு ரிம்மை எங்கே தேடுவது? முதல் கதவு சொந்த வீட்டுக் கதவு. பிற்கால அம்பாஸடர்களில் ஆலையே முன் டிஸ்க் பொருத்தியது. 2014இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் அந்த வண்டிகளின் பிரேக்கும் ரிம்மும் ஜோடியாகக் கிடைத்தால் அதைவிட நிம்மதி இல்லை. கொல்கத்தாவின் மல்லிக் பஜார், டெல்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை என்று அலைய வேண்டியிருக்கும். மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தை திருட்டு வண்டி விவகாரத்தில் சிக்கி 2021 டிசம்பரில் இழுத்து மூடப்பட்டது நினைவிருக்கட்டும். பில் இல்லாத ரிம் பிரேக்கில் முட்டாவிட்டாலும் போலீஸில் முட்டலாம்.

வேறு வண்டியின் ரிம்மை நாடுவதென்றால் அளவு நாடாவோடு போக வேண்டும். நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு முதல் சோதனை. ஃபியட் வண்டிகள் பலவற்றில் இது 98 மில்லிமீட்டர். வேறு பல கார்களில் 100. இரண்டே மில்லிமீட்டர்தானே என்று நான்கு துளை ரிம்மை அழுத்தி முறுக்கினால் ஒரு நட்டு நேராக அமரும். மற்றவை சாய்ந்து அமர்ந்து, ஓட ஓட இளகும். மாறாக, பழைய ஜீப்பும் மாருதி ஜிப்ஸியும் 5 துளை, 139.7 மில்லிமீட்டர் என்று ஒத்துப்போகின்றன. ஜீப்காரர்களுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

அடுத்தது, நடுத்தகடு ரிம்மின் மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. முன்சக்கரம் இழுக்கும் இன்றைய கார்களில் தகடு வெளிப்பக்கமாக நன்றாகத் தள்ளியிருக்கும். அந்த ரிம்மைப் பழைய வண்டியில் மாட்டினால் சக்கரம் உள்ளே போய் ஸ்டியரிங் தண்டில் உரசும்.

எல்லாம் சரியென்று தோன்றினாலும் டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை மாட்டிப் பார்க்க வேண்டும். கேலிப்பரின் மேல்பக்கத்திலும் முகப்பிலும் சப்பாத்தி மாவைக் கொஞ்சம் ஒட்டி, ரிம்மை முழுதாக முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால் மாவு எவ்வளவு நசுங்கியது என்பது தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் கனம்தான் இடைவெளி. 3 மில்லிமீட்டராவது வேண்டும், ஏனென்றால் திருப்பங்களில் இரும்பு ரிம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இந்தச் சோதனையைப் புதிய பிரேக் பேடுகளோடு செய்ய வேண்டும். நகரும் வகைக் கேலிப்பர், பேடு தேயத் தேய உள்பக்கம் நகரும். தேய்ந்த பேடோடு பார்த்தால் இல்லாத இடம் இருப்பதுபோலத் தெரியும். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி இன்னொரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

பொறுமை இழந்தவர்கள் செய்யும் வேலைகள் வயிற்றைக் கலக்குகின்றன. கிரைண்டரை எடுத்துக் கேலிப்பரின் மூலையைச் சீவுகிறார்கள். பிரேக் எண்ணெயின் அழுத்தம் முழுவதையும் தாங்குகிற உடம்பு அது. இன்னும் சிலர் நடுத்தகட்டை வெட்டி வேறு ரிம்மில் பற்றவைக்கிறார்கள். சக்கரத்துக்குப் பின்னால் வாஷர்களை அடுக்கி வெளியே தள்ளுவதும் உண்டு. அப்படித் தள்ளும்போது நட்டுக்குக் கிடைக்கும் மரை குறைகிறது. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் குறைந்தது 12 மில்லிமீட்டராவது நட்டு ஏறியிருக்க வேண்டும். சக்கரம் கழன்று ஓடுகிற வண்டியில் டிஸ்க் இருந்தென்ன, டிரம் இருந்தென்ன?

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே மாடலின் பிற்கால ஜோடியைத் தேடுவதே நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

எத்தனை ரிம் வாங்க வேண்டும்? டிஸ்க் முன்னால் மட்டும்தான் என்பதால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி டிரம் காலத்து ரிம் என்பது யாருக்கும் ஞாபகம் வராது. நள்ளிரவில் முன் டயர் பஞ்சரானால்தான் அது முன்னால் ஏறாது என்பது தெரியும். மூன்றாவது ரிம் கிடைக்கும்வரை ஒரே வழிதான். பின்னால் இருக்கும் பழைய ரிம்மும் முன்னால் ஏறாது என்பதால், டயர்காரரை இருக்கிற இடத்துக்கு வரவழைத்து, பஞ்சரான டயரை அந்த ரிம்மோடு அங்கேயே ஒட்டவைக்க வேண்டும். அதுவரை அம்பாஸடர் மறுபடியும் ஜாக்கியில்.