நொடியில் எழும் கட்டிடம்... காணாமல் போகும் கைகள்!

(மூன்றாமாண்டு சிவில் மாணவி)



ஒரு பூ மலர்வதைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் யாராவது உண்டா? மொட்டைப் பார்த்திருப்போம், மலர்ந்த பூவைப் பார்த்திருப்போம். நடுவில் நடப்பது நம் கண்ணுக்கு எட்டாது. 1910-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஸ்மித் என்பவர் விட்டுவிட்டுப் படமெடுத்து, அவற்றைத் தொடர்ச்சியாக ஓட்டி, பூ மலர்வதைத் திரையில் காட்டினார். 2007-இல் ஜேம்ஸ் பேலாக் என்ற புகைப்படக் கலைஞர் பனியாறுகளின் எதிரில் காமிராக்களை நிறுத்தினார். அந்தப் பனி கரைந்து பின்வாங்குவதை 2012-இல் வந்த 'சேஸிங் ஐஸ்' படத்தில் உலகமே பார்த்தது. இந்த வித்தைக்குத்தான் 'டைம்லாப்ஸ்' என்று பெயர்.

இன்று பனியாறு வரை போக வேண்டாம். நம்ம ஊரில் எழும்புகிற பெரிய கட்டிடங்களிலும் எதிர் மாடியில் ஒரு காமிராவைக் கட்டி விடுகிறார்கள். அஸ்திவாரம் தோண்டியது முதல் பெயின்ட் அடித்தது வரை ஒரே நிமிடத்தில் ஓடுகிறது. சிவில் படிக்கிற நமக்கு அது வெறும் வேடிக்கை இல்லை, அது ஒரு பாடம். ஆனால் அந்தப் படங்களைத் தொகுக்கிற மென்பொருள்கள் அழகுக்காகச் செய்யப்பட்டவை, வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது என் கருத்து. அவற்றில் என்னென்ன மாற வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலாவது, மினுக்கல். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் துவாரம் மூடித் திறக்கும்போது மயிரிழை வித்தியாசம் வரும். அதனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் விழும். ஓட்டிப் பார்த்தால் பழுதான டியூப்லைட் மாதிரி கண் சிமிட்டும். 2000-இல் தொடங்கப்பட்ட 'எஃப்.எஃப்.எம்பெக்' என்ற இலவச மென்பொருளில் இதைச் சரிசெய்ய ஒரு வடிகட்டி இருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 5 படங்களின் வெளிச்சத்தைச் சராசரி எடுத்துச் சமன் செய்யும். ஆனால் அது முழுப்படத்தையும் கணக்கில் எடுக்கிறது. காமிரா முன்னால் ஒரு வெள்ளை லாரி வந்து நின்றால் போதும், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து கட்டிடத்தை இருட்டாக்கி விடும்! 'இந்தத் தூணை மட்டும் அளவாக வைத்துக்கொள்' என்று ஒரு கட்டம் போட்டுக் காட்ட வழி வேண்டும். ஜெர்மனியின் குந்தர் வெக்னர் உருவாக்கிய 'எல்.ஆர்.டைம்லாப்ஸ்' மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. ஆனால் அது காசு கொடுத்து வாங்குவது. இலவச மென்பொருளுக்கும் இது வர வேண்டும்.

இரண்டாவது, தேதி. காமிரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளையும் மணியையும் எழுதி வைக்கிறது. படங்களைச் சேர்த்து வீடியோ ஆக்கும்போது பெரும்பாலும் அந்தத் தகவல் தொலைந்து போகிறது. மூன்று நாள் பேட்டரி தீர்ந்து படமே விழவில்லை என்றாலும், மென்பொருள் முன்னும் பின்னும் ஒட்டிவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஓட்டுகிறது. இது சின்ன விஷயமா? ஐ.எஸ். 456:2000 என்ன சொல்கிறது? சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் க்யூரிங். கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள். தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி (ஸ்பான்) உள்ள தளத்துக்கு 14 நாள் கழித்துத்தான் முட்டுகளை எடுக்க வேண்டும். முட்டு என்று பிரிக்கப்பட்டது என்பதை அந்த டைம்லாப்ஸே சாட்சி சொல்ல முடியும். ஆனால் தேதியைத் தொலைத்துவிட்ட சாட்சியால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆகவே தேதி படத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் 'இங்கே மூன்று நாள் காணவில்லை' என்று மென்பொருளே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நம்ம லேப் கம்ப்யூட்டர்! ஒரு தளம் கான்கிரீட் போட 8 மணி நேரம் என்று வையுங்கள். 10 வினாடிக்கு ஒரு படம் என்றால் மொத்தம் 2,880 படங்கள். நொடிக்கு 24 படம் வீதம் ஓட்டினால் சரியாக 2 நிமிடம். ஒரு படம் 5 எம்.பி. என்றால் மொத்தம் 14,400 எம்.பி. இதைத் திறந்தால் நம் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும், நாம் டீ குடித்துவிட்டு வரலாம். படங்களின் சிறு நகல்களை மட்டும் முதலில் எடுத்து, அதில் திருத்தங்களைச் செய்து, கடைசியில் மட்டும் பெரிய படத்துக்கு ஏற்றுகிற முறை எல்லா மென்பொருளிலும் இயல்பாகவே இருக்க வேண்டும். கூடவே கட்டளைகள் தமிழிலும் வர வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து வந்தவர்கள் நம்மில் பாதிப் பேர். நமக்கு அறிவு குறைவில்லை, மெனுவில் உள்ள சொல் புரியாததால்தான் கை நடுங்குகிறது.

நான்காவதுதான் எனக்கு முக்கியமானது. அது மனிதர்கள்.

என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்தவள் நான்தான். போன லீவில் ஒரு பெரிய கட்டிடம் எழும்பிய டைம்லாப்ஸை அம்மாவிடம் செல்போனில் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்டி, கட்டடம் தானா முளைக்குது. இதுல ஆளுங்க ஒருத்தரையும் காணோமே?"

கணக்குப் போட்டால் அம்மா சொன்னது சரிதான். 10 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால், 5 நிமிடம் பாண்டுச் சட்டி சுமந்து நடந்த ஒரு பெண் அதிகபட்சம் ஒரே ஒரு படத்தில் விழுவாள். திரையில் அது நொடியில் 24-இல் ஒரு பங்கு. அதுவும் போதாதென்று, சில தொகுப்பாளர்கள் பல படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் நடுமதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். பாதிக்கும் குறைவான படங்களில் தெரிகிற எதுவும் அதில் மறைந்துவிடும். சுவர் இருக்கும், சுவர் கட்டியவர் இருக்க மாட்டார். மென்பொருளுக்கு மனிதர் என்றால் அழிக்க வேண்டிய தூசியா?

'டைம்லாப்ஸ் என்றாலே காலத்தைச் சுருக்குவதுதானே, ஆட்களைக் காட்டுவது அதன் வேலையா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் சுருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லா நேரத்தையும் ஒரே அளவாகச் சுருக்க வேண்டாம் என்கிறேன். இரவு முழுக்க யாருமில்லாத சைட்டையும், ரூஃப் கான்கிரீட் போட நாற்பது பேர் வரிசையில் நிற்கும் பகலையும் ஒரே வேகத்தில் ஏன் ஓட்ட வேண்டும்? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எவ்வளவு மாற்றம் என்பதைக் கம்ப்யூட்டரால் சுலபமாகக் கணக்கிட முடியும். மாற்றம் அதிகமான இடத்தில் வேகம் குறையட்டும், ஒன்றும் நடக்காத இடத்தில் வேகம் கூடட்டும். காமிராவும் வேலை நடக்கும் நேரத்தில் அடிக்கடி படமெடுக்கட்டும். அப்போது கட்டிடமும் எழும், அதை எழுப்புகிறவர்களும் தெரிவார்கள்.

இதையெல்லாம் செய்ய நாம் யார் என்று தயங்க வேண்டாம் தோழர்களே! எஃப்.எஃப்.எம்பெக், ஓப்பன்சிவி போன்றவற்றின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பலாம். நம் கல்லூரியில் சிவில் துறைக்கும் கம்ப்யூட்டர் துறைக்கும் நடுவில் இருப்பது ஒரு வேப்பமரம்தான். இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கடையில் ரெடிமேடாக வாங்கிவந்து பைண்டிங் போடுவதற்குப் பதில், இந்த நான்கில் ஒன்றை இரண்டு துறையும் சேர்ந்து எடுத்தால் என்ன? சைட்டில் என்ன தேவை என்பதை நாங்கள் சொல்கிறோம், நிரலை நீங்கள் எழுதுங்கள். மாணவர் பேரவை முன்வந்து ஒரு கூட்டம் போட்டால் நாளைக்கே தொடங்கலாம்.

கட்டிடம் தானாக முளைப்பதில்லை என்று நமக்குத் தெரியும். அதைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் கொடுப்போம், வாருங்கள்!